கல்லின் கீழ் ஓர் உயிர்: பயன், மதிப்பு என்பன பற்றிய ஒரு நோக்கு

நெடுந்தீவுக்குச் செல்வோர் காண விழைவன எவை என்பது பெரும்பாலும் அவர் படகேறு முன்னரே முடிவாகியிருக்கும். குறிகட்டுவான் துறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணத்தின் பின் கரையிறங்கும் ஒருவர், மனிதர் உள்ளே நுழையத்தக்க பொந்தினையுடைய பெருக்கு மரத்தையும், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாட்டையும், கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளையும், சாந்தின்றி அடுக்கப்பட்ட கல்வேலிகளையும் பார்த்து மீளுவர். அக்கல்வேலியின் அடியிற் கிடக்கும் ஒரு கல்லைப் புரட்டி, அதன் கீழ் வாழ்வது யாதெனப் பார்ப்பவர் அரியர். மாரி காலத்தில் அவ்வாறு பார்க்க நேரினும், ஈரமண்ணிற் சுருண்டு கிடக்கும் மரவட்டையைக் கண்டு முகஞ்சுளித்துக் கல்லை விட்டெறிவதே வழக்கம். காணத்தக்கது, காணத்தகாதது என்னும் இப்பாகுபாடு எவ்வடிப்படையில் எழுந்தது? ஓர் உயிரின் மதிப்பு அதன் அழகிலோ, அதனால் விளையும் பயனிலோ, வேறெதிலோ தங்கியிருக்கின்றது? மிகப் பழைய இவ்வினாவை மிக எளிய ஓர் உயிரை முன்னிறுத்தி ஆராய்வதில் ஒரு நன்மை உண்டு. அழகும் வலிமையும் புகழும் குறுக்கே நின்று வினாவை மறைக்கமாட்டா.

குதிரைகளின் வரலாறு இவ்வினாவுக்கு ஒரு நுழைவாயிலாக அமைகின்றது. அவை போர்த்துக்கேயராற் கொண்டுவரப்பட்டன என்றும், ஒல்லாந்தர் காலத்தில் இத்தீவு குதிரை வளர்க்கும் இடமாக விளங்கிற்று என்றும் கூறப்படும். ஆட்சியாளருக்குப் பயன்பட்ட வரையில் அவை எண்ணப்பட்டன, பேணப்பட்டன. பயன் ஒழிந்தபின் கைவிடப்பட்டன. கேட்பாரற்று மேய்ந்து, வரட்சிக் காலங்களில் நீரின்றி மடிந்து, எஞ்சியவற்றின் வழித்தோன்றல்களே இன்று காணப்படுபவை. இன்றோ அவை தீவின் பெருமையாகப் பேசப்படுகின்றன. 2015ஆம் ஆண்டில் தீவின் 1,800 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலம் தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பயன்பொருளாய் இருந்து, வேண்டாப்பொருளாகி, இப்போது காட்சிப்பொருளாக மாறியிருக்கும் இவ்விலங்கு, மூன்று காலங்களிலும் ஒரே குதிரையாகவே இருந்துள்ளது. மாறியது அதனை அளந்தவர் கையிலிருந்த கோலே. பயன் என்னும் அளவுகோல் எத்துணை நிலையற்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

மரவட்டையோ பெரும்பாலும் மனிதனாற் பயன்படுத்தப்படவில்லை, அழகெனப் போற்றப்படவுமில்லை. உடலின் பெரும்பாலான துண்டங்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு சோடிக் கால்களைக் கொண்டமை அதன் சிறப்பியல்பு. ஒரு துண்டத்திற்கு ஒரு சோடிக் கால் கொண்டு, விரைந்தோடி, நஞ்சூட்டிக் கடிக்கும் மட்டத்தேளோடு அதனை மயங்கி அஞ்சுவாரும் உளர். மரவட்டை கடிப்பதில்லை. தீண்டினாற் சுருண்டுகொள்ளும், இனத்துக்கேற்பச் சிறிது கெடுநாற்றமுள்ள நீரைச் சுரக்கும், அதற்குள்ள காவல் அவ்வளவே. முட்டையிலிருந்து வெளிவருங்கால் பொதுவாக மூன்று சோடிக் கால்களே அதற்குண்டு. தோல் கழற்றுந்தோறும் துண்டங்களும் கால்களும் பெருகும். இதுவரை 12,000 அளவிலான இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளில் இதன் மூதாதையரின் உயிர்ச்சுவடுகள் கிடைத்துள்ளன. நிலத்தில் நின்று காற்றைச் சுவாசித்த முதல் விலங்குகளின் வரிசையில் வைத்து எண்ணப்படும் தகுதி அதற்குண்டு.

அதன் தொழிலை விளங்கிக்கொள்வதற்கு, மரத்திலிருந்து உதிர்ந்த ஓர் இலையின் பின்வரலாற்றை நோக்குதல் வேண்டும். தரையில் விழுந்த இலை உடனடியாக எவ்வுயிர்க்கும் நல்லுணவாவதில்லை. அதன் கலச்சுவர்களிற் செறிந்துள்ள செலுலோசும் இலிக்னினும் பெரும்பாலான விலங்குகளாற் சமிபாடடையச் செய்ய இயலாதவை. துவர்ப்பான தனின்கள் வேறு அதனைக் காத்து நிற்கின்றன. முதலில் அவ்விலையை அணுகுவன பூஞ்சணம் என வழக்கிற் கூறப்படும் பங்கசுகளே. அவை நூலினும் நுண்ணிய இழைகளை இலையினுட் செலுத்தி, நொதியங்களைச் சுரந்து, வன்மையானதை மென்மையாக்குகின்றன. யாழ்ப்பாணத்து இல்லங்களில் அப்பத்துக்குக் கரைத்த மாவைக் கள்ளு விட்டு இரவு முழுவதும் புளிக்க வைப்பர். அங்கு மாவைப் பதப்படுத்துவதும் ஒருவகைப் பங்கசே. காட்டின் தரையிலும் அதுபோன்ற ஒரு பதப்படுத்தல் நிகழ்கின்றது. அவ்வாறு பதப்பட்ட சருகையே மரவட்டை விரும்பி நாடும். தோற்றத்தில் அது தின்பது இலை. ஊட்டம் பெறுவதோ பெரிதும் அவ்விலையிற் குடியேறிய பங்கசுகளிலும் பற்றீரியாக்களிலும் இருந்தாகும்.

உண்டதிற் பெரும்பகுதி சமிபாடடையாமற் சிறு உருண்டைகளாக வெளியேறும். இதனை ஒரு குறைபாடாகக் கருதலாகாது. முழு இலையாகக் கிடந்தபோது இருந்ததைவிடப் பன்மடங்கு மேற்பரப்பு இவ்வுருண்டைகளுக்கு உண்டு. ஈரத்தைத் தாங்கிய அவற்றிற் பற்றீரியாக்கள் பெருகுகின்றன. மரவட்டையே அவற்றை மீண்டும் உண்பதும் உண்டு. இவ்வாறு இலையிற் பூட்டப்பட்டிருந்த நைதரசன் முதலிய சத்துக்கள் சிறிது சிறிதாக மண்ணுக்குத் திரும்புகின்றன. குடல்வழி அழியாது கடந்த பங்கசு வித்திகள் வேறிடம் சேர்ந்து முளைக்கின்றன. விரைந்து படரும் பங்கசு மேயப்படுவதால், மெதுவாக வளரும் பங்கசுக்கும் இடம் கிடைக்கின்றது. சில மிதவெப்பக் காடுகளில் ஆண்டுதோறும் விழும் சருகில் 5 முதல் 15 சதவீதம் வரை மரவட்டைகளின் வாய்வழியே செல்வதாக மதிப்பிடப்பட்டுள்ளது. உண்பவன், உண்ணப்படுவது என்ற இரண்டே சொற்களால் மரவட்டைக்கும் பங்கசுக்கும் உள்ள உறவைக் கூறிவிட இயலாது. ஒன்று மற்றொன்றுக்குச் சமைக்கின்றது. உண்டது உண்ணப்பட்டதைப் பரப்புகின்றது.

சருகை முற்றாக விடுத்துப் பங்கசை மட்டுமே நாடி வாழும் மரவட்டைகளும் உள. வட அமெரிக்கக் காடுகளில் உக்கிய மரக்கட்டைகளிற் கூட்டமாக வாழும் பிரக்கிசைபே என்னும் வகை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அவை தலைகளை நடுவிற் கூட்டி உடல்களை வெளிநோக்கி நீட்டி, மலரிதழ்களைப் போல அமைந்து பங்கசை மேய்கின்றன. அவ்வகையின் ஓரினத்தை ஆராய்ந்தோர், அதனோடு தொடர்புற்ற பங்கசுகள் நூற்றுக்கும் மேற்பட்ட பேரினங்களைச் சேர்ந்தவை என 2019ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இதனினும் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. இவ்வகையில் முட்டைகளை அணைத்துக் காப்பது தாயன்று, தந்தையே. ஆண் மரவட்டை முட்டைத் திரளைச் சுற்றிச் சுருண்டு பல நாட்கள் கிடக்கின்றது. அக்காவல் நீங்கின் முட்டைகளைப் பூஞ்சணம் மூடி அழிக்கும். பங்கசை உண்டு வாழும் உயிர், தன் மகவைப் பங்கசினின்றும் காத்துக் கிடக்கின்றது. அருவருப்புக்குரியதென ஒதுக்கப்பட்ட ஒன்றின் வாழ்வு இத்தகைய நுட்பங்களை உள்ளடக்கியிருத்தல் மனங்கொள்ளத்தக்கது.

ஆங்கிலத்தில் இவ்வுயிருக்கு வழங்கும் பெயரின் பொருள் ஆயிரங்காலி என்பதாகும். ஆயின் நெடுங்காலமாக ஆயிரங் கால்களையுடைய மரவட்டை எதுவும் அறியப்படவில்லை. 2021ஆம் ஆண்டிலேயே, 1,306 கால்களைக் கொண்ட ஓரினம் மேற்கு அவுஸ்திரேலியாவிலிருந்து விவரிக்கப்பட்டது. கண்ணற்று, நிறமற்று, நிலத்தின் கீழ் 60 மீற்றர் வரையான ஆழத்தில் வாழும் அவ்வுயிரும் பங்கசை உண்பதாகவே கருதப்படுகின்றது. கனிப்பொருள் தேடித் துளைத்த துளைகளினூடாகவே அது வெளிப்பட்டது. செல்வம் தேடியவர் கைக்கு, தேடாத ஓர் உயிர் அகப்பட்டது. பெயர் முன்னே பிறந்தது. அப்பெயருக்குரிய உண்மை, நிலத்தின் கீழ் நோக்கிய பின்னரே கிடைத்தது.

இலங்கையின் மரவட்டைகளும் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருபவை. சுவிற்சர்லாந்து நாட்டு இயற்கையியலாளரான அலோயி ஹம்பேர் 1865ஆம் ஆண்டிலேயே இத்தீவின் பலகாலிகள் பற்றித் தனிநூல் எழுதினார். இன்று நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் இங்கு பதிவாகியுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை வேறெந்நாட்டிலும் காணப்படாதவை. ஈரவலயக் காடுகளில் உருண்டையாகச் சுருளும் பெரிய மரவட்டைகளும் உண்டு. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் இவற்றின் உறவினங்கள் மடகஸ்காரிலும் தென்னாபிரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழ்கின்றன. அந்நிலங்கள் ஒருகாலத்தில் ஒன்றாயிருந்தமையை அவற்றின் பரம்பல் இன்றும் நினைவூட்டுகின்றது.

நெடுந்தீவு அத்தகைய காடன்று. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புடைய அத்தீவு, சுண்ணக்கல்லும் முருகைக்கல்லும் மெல்லிய மண்போர்வையும் கொண்ட வரண்ட நிலம். பனையும் பற்றையும் புல்வெளியுமே அதன் பசுமை. நன்னீர் அரிது. ஆயினும் காட்டிற் பெரிதாக நிகழ்வது இங்கு சிறிதாக நிகழாமலில்லை. ஐப்பசி கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை வீழ்ந்ததும், கல்லிடுக்கிலும் உக்கிய ஓலையின் கீழும் ஈரம் தங்குகின்றது, பங்கசு படர்கின்றது, மரவட்டைக்கு வேண்டிய வீடும் உணவும் அமைகின்றன. மண் மெலிந்த இடத்தில் உக்கலின் பெறுமதி மிகுதியாகும். காட்டில் அடி அடியாகத் திரண்டு கிடக்கும் உக்கல், இங்கு விரற்கடை அளவிலேயே கிடைக்கின்றது. மேலும் ஒரு பொருத்தம் உண்டு. மரவட்டையின் புறக்கூடு கல்சியம் காபனேற்றினால் உறுதிபெற்றது. முருகைக்கல்லும் அதே பொருளே. கடலடியில் ஊசிமுனையளவான உயிர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரந்து வைத்த கூடுகளே முருகைக்கல்லாயின, அக்கல்லே வேலியாயிற்று. மனிதன் காலூன்றிய நிலமும் அவன் எல்லை வகுத்த வேலியும், கண்ணுக்குப் புலனாகாச் சிற்றுயிர்களின் வாழ்விலிருந்து வந்தவை என்பதை நெடுந்தீவில் ஒவ்வொரு கல்லும் கூறுகின்றது.

இவ்வளவும் அறிந்தபின் வழக்கமாகச் செய்யப்படும் முடிவு ஒன்றுண்டு. மரவட்டை பயனுள்ளது; ஆகவே அதனைக் காத்தல் வேண்டும் என்பதே அது. சார்ள்ஸ் டார்வின் 1881ஆம் ஆண்டில் மண்புழுக்கள் பற்றி எழுதிய நூல், இழிந்ததெனக் கருதப்பட்ட ஓர் உயிரின் பேருழைப்பை உலகுக்கு உணர்த்திற்று. அதன்பின் உழவனின் நண்பன் என மண்புழுவுக்குப் பாடநூல்களில் இடம் கிடைத்தது. மரவட்டைக்கும் அவ்வாறு ஓரிடம் தேடிக்கொடுக்கலாம். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்குதல் நன்றன்று. அறியாமையின் கதவைத் திறக்கும் வலிமை அதற்குண்டு. அருவருப்போடு விலகிய கண்ணை ஒருகணம் நிறுத்திப் பார்க்கச் செய்வது பெரும்பாலும் பயன் என்னும் சொல்லே.

எனினும் கதவைத் திறந்த திறவுகோலையே வீடென மயங்குதல் கூடாது. பயனைக் கொண்டு மதிப்பை நிறுவுங்கால் மூன்று இடர்கள் தோன்றுகின்றன. முதலாவது, பயனுக்கு மாற்று உண்டு. மரவட்டை செய்யும் தொழிலை மண்புழுவோ கறையானோ செய்யுமாயின், அல்லது பசளைப் பை ஒன்று அதனை ஈடுசெய்யுமாயின், மரவட்டையின் மதிப்பு அக்கணமே கரைந்துபோகும். இரண்டாவது, பயன் என்பது யாருக்குப் பயன் என்ற வினாவிலிருந்து பிரிக்க முடியாதது. மரவட்டை மண்ணை வளம்படுத்துவது மனிதன் பொருட்டன்று. மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரே அது அத்தொழிலைச் செய்துகொண்டிருந்தது. அதனைச் சேவகன் என்று புகழ்பவர், தம்மை எசமானர் என்று முன்னரே முடிவுசெய்துவிட்டவராவர். மூன்றாவது இடரே ஆழமானது. மரவட்டை தொண்டாற்ற எண்ணி உண்பதில்லை, பசித்து உண்கின்றது. தொண்டு என்னும் சொல் மனிதன் இட்டது. எனவே தொண்டுக்குக் கூலியாக மதிப்பளிப்பது, செய்யாத ஒப்பந்தத்துக்குக் கூலி வழங்குவதை ஒக்கும்.

இவ்வளவுகோல் மனிதர்பாற் செலுத்தப்படும்போது அதன் கொடுமை வெளிப்படையாகின்றது. மனிதரை மரவட்டையோடு ஒப்பிடுவது இங்கு நோக்கமன்று. ஒரே அளவுகோல் இரண்டிடத்தும் தவறுவதைக் காட்டுவதே நோக்கம். கழிவையும் குப்பையையும் அகற்றும் தொழிலாளரைத் தமிழ்ச் சமுதாயம் நெடுங்காலம் இழிவாக நோக்கியது; இன்றும் அந்நோக்கு முற்றாக நீங்கிற்று என்று கூறவியலாது. அழுக்கைத் தொடுபவரையே அழுக்கென்று கண்டது அதன் பிழை. இப்பிழையைத் திருத்த முற்படும் நல்லெண்ணமுடையோர் சிலர், "அவர்கள் இல்லையேல் நகரம் நாறிவிடும், ஆதலால் அவர்களை மதிக்க வேண்டும்" என்பர். கூற்று உண்மையே, காரணம் மட்டும் குறைபாடுடையது. இயந்திரம் ஒன்று அத்தொழிலைச் செய்யத் தொடங்கிவிட்டால் அம்மனிதரின் மதிப்பு எங்கே போகும்? உழைத்து ஓய்ந்து, பிள்ளைகள் கடல் கடந்து சென்றபின், தீவின் ஒரு வளவிற் தனித்திருக்கும் முதியவள் எவருக்கு என்ன பயன் என்று கேட்பின், விடை யாது? நெடுந்தீவே கூடச் செல்லத் தொலைவானது, வருவாய் குறைந்தது என்று கணக்கிடப்பட்டால், அங்கு ஒரு வைத்தியரையோ ஆசிரியரையோ அமர்த்துவதன் நியாயம் என்னாகும்? பயனைக் கூறி மதிப்பை யாசிக்கும் எவரும், பயன் ஒழியும் நாளில் அம்மதிப்பைத் திருப்பிக் கொடுக்க நேரிடும். மனிதருக்கு மதிப்பு கூலியன்று என்பதை எல்லோரும் ஒப்புவர். அக்கொள்கை மனித எல்லையிலேயே நின்றுவிடுவதற்கு நியாயம் உண்டா என்பதே எஞ்சும் வினா.

மேலைத்தேயச் சிந்தனை இவ்வினாவைப் பலவாறு எதிர்கொண்டது. மனிதனைக் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்று வற்புறுத்திய கான்ற், விலங்குகள்மீதான கடமையை மனிதனின் குணநலத்தோடு மட்டுமே தொடர்புபடுத்தினார். விலங்கிடம் கொடியவன் மனிதனிடமும் கொடியவனாவான் என்பதே அவர் கருத்து. பெந்தம் 1789இல் வெளியிட்ட நூலில், பகுத்தறிவையோ பேச்சையோ அல்லாது துன்புறும் ஆற்றலையே அளவுகோலாகக் கொள்ளவேண்டும் என்றார். மரவட்டை துன்புறுமா என்னும் வினாவுக்கு உறுதியான விடை இல்லாமையால், அவர் அளவுகோல் இங்கு தடுமாறுகின்றது. 1949இல் வெளிவந்த அல்டோ லியோபோல்டின் நூல், மண்ணையும் நீரையும் செடியையும் விலங்கையும் உள்ளடக்கிய ஒரு சமுதாயத்தில் மனிதனை ஓர் உறுப்பினனாக வைத்தது. நோர்வே நாட்டு மெய்யியலாளர் ஆர்ண நேஸ் 1973இல், மனித நலன் கருதிய சூழற் பாதுகாப்பை மேலோட்டமானது என வேறுபடுத்தி, எல்லா உயிருக்கும் வாழும் உரிமை உண்டென்னும் ஆழ்ந்த நோக்கொன்றை முன்வைத்தார். மனிதனிலிருந்து புறப்பட்ட சிந்தனை நெடுவழி நடந்து மண்ணை வந்தடைந்தது என இவ்வரலாற்றைச் சுருக்கலாம்.

தமிழ் மரபு மண்ணை அண்மித்தே தொடங்கிற்று எனலாம். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்கின்றது. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராகவும் சிதலையும் எறும்பையும் மூவறிவுயிராகவும் அது கொள்ளும். மரவட்டையை அவ்வரிசையில் வைப்பதாயின், பார்வை மங்கியும் இன்றியும் தொடுகையாலும் நாற்றத்தாலும் வழியறியும் அதனைச் சிதலின் அயலிலேயே வைக்க நேரும். இவ்வகைப்பாட்டில் ஏற்றத்தாழ்வு உண்டென்பது உண்மை. ஆயின் அதன் அடிப்படை, உயிர் தன் உலகை எவ்வாறு அறிகின்றது என்பதேயன்றி, அவ்வுயிர் மனிதனுக்கு எதற்கு உதவும் என்பதன்று. ஓர் உயிரை அதன் பக்கத்தில் நின்று நோக்கும் முயற்சியின் தொடக்கம் இங்குளது. வள்ளுவரும், கொல்லாமையைப் பற்றிக் கூறவந்த இடத்திற் பல்லுயிரையும் ஓம்புதலைப் பகுத்துண்ணலோடு இணைத்தே கூறினார்.

அதே வேளையில் மரபின் மற்றொரு முகத்தையும் மறைத்தல் ஆகாது. நிலையாமை பேசிய பாடல்கள் பல, உடல் அழுகுதலையும் புழு நெளிதலையும் காட்டி, உலகப் பற்றை வெறுக்கச் செய்தன. அவை கருதிய நோக்கம் உயர்ந்தது. எனினும் அழிவோடு தொடர்புடைய சிற்றுயிர்கள்மீது ஓர் இழிவுணர்வு படிந்தமைக்கு அவையும் ஒரு காரணமாயின. இலையின் உக்கலை மரத்தின் பக்கத்தில் நின்று பார்ப்பவனுக்கு அது இழப்பு. மண்ணின் பக்கத்தில் நின்று பார்ப்பவனுக்கு அது வரவு. நிலையாமைப் புலவர் முன்னதை மட்டுமே கண்டனர். ஆயினும் அதே சைவ மரபில் மாணிக்கவாசகர் தாம் எடுத்திளைத்த பிறவிகளை அடுக்குங்கால், புல்லோடும் பூண்டோடும் புழுவையும் தம் வரிசையிற் சேர்த்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துச் சைவ இல்லங்களிற் குழந்தைகள் மனனஞ் செய்து ஓதும் பகுதி அது. நாள்தோறும் ஓதப்படும் அதன் பொருள் ஊன்றி உணரப்படின், கல்லின் கீழ்க் கிடப்பது வேறொன்றாகத் தோன்றாது. தானே ஒருகாலத்திற் கடந்து வந்த வழியாகத் தோன்றும். மறுபிறப்பை ஏற்காதவருக்கும், எல்லா உயிரும் ஒரு மூலத்தினின்றும் கிளைத்தன என்னும் கூர்ப்புக் கொள்கை அவ்வுறவையே வேறு மொழியிற் கூறுகின்றது.

இங்கு இரு தடைகள் எழுப்பப்படலாம். நன்னீருக்கும் மருந்துக்கும் படகுக்கும் காத்திருக்கும் மக்கள் நடுவே மரவட்டையின் மதிப்பைப் பேசுதல் வயிறு நிறைந்தவர் பேச்சன்றோ என்பது முதலாவது. இத்தடை நியாயமானது. ஆயின் அம்மக்கள் காத்திருப்பதற்குக் காரணம் மரவட்டைக்கு இரக்கம் மிகுந்தமையன்று. தொலைவிலும் தாழ்விலும் இருப்பவற்றை எண்ணாது விடும் பழக்கமே. அப்பழக்கம் ஒன்றே. கல்லின் கீழ் நோக்கப் பழகிய கண், கடலுக்கப்பால் நோக்கவும் பழகும் என எதிர்பார்த்தல் மிகையன்று. இரண்டாவது தடை, சில மரவட்டைகள் நாற்றையும் கிழங்கையும் சேதப்படுத்துகின்றன, மழைக்காலத்தில் வீட்டினுட் புகுந்து தொல்லை தருகின்றன என்பது. பயிரைக் காப்பது உழவனின் கடமை, அது தேவை. தேவையின்பாற் செய்யும் செயலுக்கும் இகழ்ச்சியின்பாற் செய்யும் செயலுக்கும் வேறுபாடு உண்டு. வீட்டினுள் வந்த மரவட்டையை விளக்குமாற்றால் ஒதுக்கி வளவில் விடும் முதியவள் அவ்வேறுபாட்டை நூல் கற்காமலே அறிந்திருக்கின்றாள். வழியிற் செல்லும் ஒன்றைக் காலால் நசுக்கி நடப்பவன், கற்றும் அதனை அறியாதவன்.

ஆகவே பெறப்படும் நிலைப்பாட்டைப் பின்வருமாறு தொகுக்கலாம். ஒவ்வோர் உயிருக்கும் அதற்கென ஒரு நலம் உண்டு. மரவட்டைக்கு ஈரம் நலம், இருள் நலம், உக்கிய இலை நலம், முட்டையைக் காத்துக் கிடக்கும் அமைதி நலம். அந்நலம் அதற்கு இருப்பதே, அதனைக் காரணமின்றிக் கெடுக்கலாகாது என்பதற்குப் போதிய நியாயமாகும். அது மண்ணை வளம்படுத்துகின்றது என்பது இந்நியாயத்தின்மேல் வந்த மேலதிக நன்மை, நியாயத்தின் அத்திவாரமன்று. பயன் பார்க்கத் தூண்டுகின்றது; பார்த்தபின், பயனைக் கடந்த ஒன்று கண்ணுக்குப் புலனாகின்றது. அறிவு மனிதனுக்குத் தரவேண்டியது இந்தப் படிமுறை வளர்ச்சியே. முதற்படியில் நின்றுவிட்டவன் அறிந்தவனாகலாம், கற்றவனாகான்.

இந்நிலைப்பாடு வேண்டுவது பெருஞ்செயல்களையன்று. பெரும்பாலும் ஒரு தவிர்த்தலையே. காலையில் வளவைக் கூட்டிச் சேர்த்த சருகையெல்லாம் கொளுத்திவிடும் வழக்கம் வடபுலத்திற் பரவலாக உண்டு. தூய்மையின் பெயரால் நிகழும் அச்சிறு தீயில், மண்ணுக்குச் சேரவேண்டிய வரவும், சருகில் வாழும் எண்ணிறந்த உயிர்களும் ஒருங்கே எரிகின்றன. ஆயின் அதே மண்ணின் உழவர், வேலியிலும் கூரையிலும் பழுதடைந்த பனையோலையைத் தோட்டத்திற் புதைத்துப் பசளையாக்கும் முறையையும் அறிந்திருந்தனர். உக்கவேண்டியதை உக்கவிடும் பொறுமை அம்முறையில் இருந்தது. வளவின் ஒரு மூலையிலேனும் சருகை அவ்வாறு கிடக்கவிடுவது, பங்கசுக்கும் மரவட்டைக்கும் அவற்றின் காலத்தை வழங்குவதாகும். இத்தகைய விட்டுவைத்தலுக்கு இயலாமை என்றோ சோம்பல் என்றோ பெயரிடுதல் பொருந்தாது. தன்னுடையதல்லாத வாழ்வொன்று தன்னருகே நிகழ இடங்கொடுக்கும் அறம் அது.

நெடுந்தீவின் கல்வேலிகளுக்குச் சாந்து இல்லை. ஒவ்வொரு கல்லும் தன்னிடத்தில் இருப்பதனாலேயே வேலி நிற்கின்றது என்பதை அதனை அடுக்கியவர் அறிவர். அவ்வேலியடியில் ஒரு கல்லைப் புரட்டிப் பார்க்கும் மாணவன், அங்கு சுருண்டு கிடக்கும் உயிரைக் கண்டபின், ஈரமான பக்கம் கீழிருக்க, எடுத்த இடத்திலேயே அக்கல்லை மெல்லத் திருப்பி வைப்பானாயின், அது மிகச் சிறிய செயலே. அதனைக் காண்பார் இல்லை. அதனால் அவனுக்கு ஆகும் பயனும் இல்லை. பயன் கருதாத அச்செயல் அவனுக்கு இயல்பாக அமையும் நாளில், அவன் கற்ற அறம் ஏட்டிலிருந்து கைக்கு இறங்கிற்று எனக் கொள்ளலாம்.